புதுப்பனி விழுந்த மறுநாள்

மூன்று நாள் ஓயாமல் பனி பெய்து, நான்காம் நாள் விடியலில் காற்றடங்கி, மேகம் கலைந்து, மலைச்சரிவுகள் யாவும் ஒரு சுவடும் படியாத வெண்மையோடு நீல வானத்தின் கீழே கிடக்கும் காலைப்பொழுதுதான் ஆல்ப்ஸ் மலைநாடுகளில் மனிதரை மிகுதியாக வசீகரிக்கும் பொழுது. மனிதரை மிகுதியாகக் காவு கொள்ளும் பொழுதுகளுள் ஒன்றும் அதுவே. புயல் வீசும்போது மலைமேல் போகத் துணிபவர் சிலரே. கண்ணுக்குத் தெரியும் அபாயத்துக்கு அஞ்சுவதற்கு மனிதனுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. புயல் ஓய்ந்த மறுநாளோ, விடுதிக்குள் அடைந்து கிடந்த அலுப்பும், விடுமுறை தீரப்போகிறதே என்ற அவசரமும், பிறர் தடம் பதியுமுன் நாம் போய்விட வேண்டும் என்ற ஆசையும் ஒன்றுகூடி, ஸ்கீ கட்டைகளைத் தோளில் சுமந்த கூட்டத்தை மேலே இழுத்துச் செல்கின்றன. பனியைச் சினிமாப் பாட்டுகளின் பின்னணியாகவே பார்த்துப் பழகிய நம்மவர்க்கு அந்த வெண்மைக்கு எடையுண்டு என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. புதிதாக விழுந்து தளர்ந்து கிடக்கும் பனிகூட ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். காற்று அடித்து இறுக்கியதாயின் அதே கன மீட்டர் 200, 300 கிலோவும் தேறும்.

இந்த விஷயத்தில் எனக்குள்ள ஈடுபாடு மலையேறுபவனின் ஈடுபாடன்று. தனக்குப் புலப்படாத ஒன்றை மனிதன் எவ்வாறு அறிகிறான், அறிந்த பின்னும் ஏன் அறிந்தபடி நடப்பதில்லை என்ற மிகப் பழைய கேள்விகள், புத்தக அலமாரியை விட்டு இறங்கி, உயிரைப் பணயமாக வைத்து விவாதிக்கப்படும் இடங்கள் உலகில் சிலவே உண்டு. அவற்றுள் புதுப்பனி போர்த்த சரிவொன்றின் விளிம்பும் ஒன்று என்பது என் எண்ணம்.

சரிவில் கிடக்கும் பனி ஒரே நாளில் வந்ததன்று. நவம்பரில் விழுந்தது அடியிலும், அதன்மேல் டிசம்பரில் விழுந்தது, அதன்மேல் வெயிலில் உருகி இரவில் இறுகிய ஓடு, அதன்மேல் ஜனவரிக் காற்று கொண்டுவந்து குவித்தது என்று, ஒவ்வொரு வானிலையும் தன் படலத்தை விட்டுச் செல்கிறது. இப்படலங்கள் விழுந்தபடியே கிடப்பதுமில்லை. ஆழமற்ற முன்குளிர்காலப் பனியின் அடியில் நிலம் பூஜ்ய டிகிரியை ஒட்டி நிற்க, மேலே தெளிந்த இரவு பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்குச் செல்லும்போது, அரை மீட்டர் தடிப்புக்குள் அத்தனை வெப்ப வேறுபாடும் அடங்க வேண்டியிருக்கிறது. அந்நிலையில் அடியிலுள்ள பனி ஆவியாகி மேல்நோக்கி நகர்ந்து, வழியிலுள்ள மணிகளில் மீண்டும் உறைகிறது. சில நாட்களுக்குள் படிகங்கள் தம்முள் இருந்த பிணைப்பை இழந்து, கூரிய முகங்களும் கோணங்களும் கொண்ட பெருமணிகளாக உருமாறுகின்றன. கையுறையில் அள்ளினால் சீனிபோல் ஒழுகிவிடும். எவ்வளவு அழுத்தினாலும் உருண்டை பிடிக்காது. தாவோஸ் நகருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னும் இடத்தில், 1936ஆம் ஆண்டு ஒரு சிறு குடிலில் பணியைத் தொடங்கிய சுவிஸ் ஆய்வாளர்கள், 1939இல் பனியின் உருமாற்றத்தைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்கள். பாடெர், ஹேஃபெலி முதலியோர் எழுதிய அந்நூலிலிருந்துதான் இந்தச் சாஸ்திரம் ஊன்றி எழுந்தது எனலாம். பனி மிகுதியாகப் பெய்த குளிர்காலத்தைவிட, தொடக்கத்தில் குறைவாகப் பெய்து நெடுநாள் வெயிலும் கடுங்குளிருமாக இருந்த குளிர்காலமே அடித்தளத்தைக் கெடுக்கிறது என்பது அதிலிருந்து கிடைக்கும் முடிவு. இது சாதாரண புத்திக்கு நேர்மாறாகத் தோன்றும்.

இதனினும் விசித்திரமானது மற்றொரு படலம். காற்றற்ற, ஈரமுள்ள, தெளிந்த இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, மேலேயுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும்போது, காற்றிலுள்ள நீராவி நேரே அதன்மேல் உறைந்து, மெல்லிய தட்டைப் படிகங்களாகச் செங்குத்தாக முளைக்கிறது. காலை வெயிலில் சரிவு முழுவதும் மினுங்கும். புகைப்படக்காரர்கள் மண்டியிட்டுப் படமெடுப்பார்கள். அந்த மினுக்கத்தை வெயிலோ காற்றோ அழித்துவிட்டால் தொல்லையில்லை. அழிக்குமுன் அடுத்த பனி மெல்லப் பெய்து அதை நின்ற நிலையிலேயே மூடிவிடுமாயின், ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமனில்லாத அந்த அழகு, வாரக்கணக்கில் தன் பலவீனத்தைக் காத்துக்கொண்டு, தன்மேல் எவரேனும் வருமளவும் கிடக்கிறது.

ஆகவே புதுப்பனியைப் பார்த்து மலையை எடைபோடுகிறவன், இன்று விழுந்ததைக் குறித்து மட்டும் கேட்டால் போதாது. இது எதன்மேல் விழுந்தது என்றும் கேட்க வேண்டும். பலவீனமான படலத்தின்மேல் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய பாளம் ஒன்று அமைந்துவிட்டால், ஒரு மனிதனின் எடை அந்தப் படலத்தை ஓரிடத்தில் நொறுக்குவதற்குப் போதும். நொறுக்கம் அவ்விடத்தோடு நில்லாமல், நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் பாளத்தின் அடியிலேயே பரவி, சரிவின் குறுக்கே விரிசலாக வெளிப்படுகிறது. சரியத் தொடங்கும் அக்கணத்தில் மனிதன் பாளத்தின் ஓரத்தில் நிற்பதில்லை, நடுவில் நிற்கிறான். பனிச்சரிவில் சிக்கிய உல்லாசப் பயணிகளுள் பத்தில் ஒன்பது பேரைப் புதைத்த சரிவு, அவர்களாலோ அவர்கள் குழுவினராலோ தூண்டப்பட்டதே என்று கணக்குகள் கூறுகின்றன. சரிவு வந்து மனிதனைப் பிடித்தது என்று நாம் எழுதும் செய்தி வாக்கியங்களில் எழுவாய் பெரும்பாலும் தவறானது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். 30 டிகிரிக்குக் குறைந்த சாய்வில் பாளங்கள் பெயர்ந்து ஓடுவது அரிது. 50 டிகிரியைத் தாண்டினால் பனி தங்குவதற்கே இடமின்றி அவ்வப்போது உதிர்ந்துவிடும். இடைப்பட்டதில், 40 டிகிரிக்குச் சற்றுக் குறைந்த சாய்வே மிகக் கொடியது. சறுக்குவதில் தேர்ந்தவர்கள் விரும்பித் தேடுவதும் அதே சாய்வுதான் என்பதை விதியின் நகைச்சுவை என்றுதான் சொல்ல வேண்டும். புதுப்பனி எத்தனை விழுந்தால் அபாயம் என்பதற்கும் ஆல்ப்ஸ் வழிகாட்டிகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காற்று இல்லாமல், வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியிருந்து, அடிக்கடி மனிதர் சறுக்கிக் கலைத்த சரிவாயின் 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை பொறுக்கும். பலத்த காற்றும் கடுங்குளிரும் சேர்ந்து, பழைய பரப்பு வழுக்கும் ஓடாகவோ உறைந்த படிகமாகவோ இருந்தால், 10 முதல் 20 சென்டிமீட்டரே போதும். காற்று ஒரு பக்கத்துப் பனியைப் பெயர்த்து மறுபக்கத்தில் குவிக்கும் வேகம், வானம் பொழிவதைப்போல் பன்மடங்கு. ஆதலால் விடுதி வாசலில் ஒரு சாண் பனியே விழுந்திருக்க, முகட்டுக்கு அப்பால் காற்று மறைவான பள்ளத்தில் ஆளுயரம் சேர்ந்திருக்கக்கூடும்.

இனி, இவற்றை எப்படி அறிவது? சைவ சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைக் கூறும். மலைச்சரிவின் விளிம்பில் நிற்பவனுக்கும் இம்மூன்றைத் தவிர வேறு துணையில்லை. ஆனால் இங்கே அவை மூன்றும் வெவ்வேறு விதமாகக் காலை வாருகின்றன என்பதுதான் கவனிக்கத்தக்கது.

காண்டலை எடுத்துக்கொள்வோம். அறிய விரும்புபவன் மண்வெட்டியால் சரிவில் ஒரு குழி தோண்டி, அதன் மேற்புறச் சுவரைச் செம்மையாகச் சீவி, பனியின் குறுக்குவெட்டை வெளிப்படுத்துகிறான். ஒவ்வொரு படலமாகக் கையால் அழுத்திப் பார்க்கிறான்: முஷ்டி புகுமாயின் மிக மென்மை, நான்கு விரல் புகுவது அடுத்தது, பின் ஒரு விரல், பின் பென்சில், பின் கத்தி. முஷ்டி புகும் படலத்தின்மேல் ஒரு விரல் மட்டும் புகும் படலம் அமர்ந்திருந்தால் அவன் முகம் மாறுகிறது. பிறகு 30 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு தூணை எல்லாப் பக்கமும் அறுத்துத் தனியாக நிறுத்தி, அதன் உச்சியில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்துத் தட்டு, தோளிலிருந்து பத்துத் தட்டு என்று எண்ணிக்கொண்டே தட்டுகிறான். பன்னிரண்டாவது தட்டில் தூணின் மேற்பகுதி, கத்தியால் வெட்டிய நேர்த்தியோடு, இழுப்பறை திறப்பதுபோல் முன்னே நழுவி வருமாயின், நவம்பர் மாதத்தின் ஏதோ ஒரு குளிர்ந்த இரவு பிப்ரவரியில் பதில் சொல்லிவிட்டது என்று பொருள். மிக அழகிய பரிசோதனைதான். எனினும் அது அந்தக் குழியைப் பற்றிய உண்மையே. பத்து மீட்டர் தள்ளி, பாறையொன்று அடியில் மறைந்திருக்கும் இடத்தில், பனி மெலிந்து படலம் வேறாக இருக்கலாம். தூண் நழுவினால் சரிவு கெட்டது என்று நம்பலாம். நழுவாவிடில் சரிவு நல்லது என்று நம்புவதற்கில்லை. காண்டல் இங்கே குற்றம் சாட்டவல்லது, விடுதலை அளிக்கவல்லதன்று.

சில வேளை மலை தானே பேசிவிடுகிறது. நடந்து செல்கையில் காலடியில் ஓர் அமுங்கிய ஓசை எழுந்து, பரப்பு முழுவதும் ஓர் இழை கீழிறங்குவதை உடம்பு உணரும். அடியிலுள்ள பலவீனப் படலம் நொறுங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. சமதளமாக இருந்ததால் மட்டுமே எதுவும் ஓடவில்லை. எதிர்ச்சரிவில் அன்று காலை தானே விழுந்த பனிச்சரிவின் வடு, ஸ்கீயின் முனையிலிருந்து கண்ணாடி விரிவதுபோல் ஓடும் விரிசல் ஆகியனவும் அத்தகையவை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் தார்க்கிகனுக்கு இவை போதும். அவனுடைய இக்கட்டு, புகையே இல்லாத நெருப்பும் இந்த மலையில் உண்டு என்பதில்தான்.

உரை என்னும் அளவைக்கு வருவோம். சுவிட்ஸர்லாந்தில் தாவோஸ் பனி ஆய்வு நிறுவனம் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை வெளியிட்டு வருகிறது. இன்று குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் அது வெளிவருகிறது. பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ இருநூறு பார்வையாளர்கள் நாள்தோறும் அளந்து அனுப்பும் விவரங்களும், முகடுகளில் நிற்கும் தானியங்கிக் கருவிகளின் அளவுகளும் அதில் கலந்திருக்கின்றன. 1993இல் ஐரோப்பிய நாடுகள் கூடி அபாயத்துக்கு ஐந்து படிகள் வகுத்தன. நான்காம் ஐந்தாம் படி அறிவிக்கப்பட்டால் மக்கள் வீட்டிலிருக்கிறார்கள். முதற்படியில் விபத்து குறைவு. குளிர்கால நாட்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குக்கு அறிவிக்கப்படும் மூன்றாம் படியில்தான் சுவிட்ஸர்லாந்தின் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி நிகழ்கின்றன. ஐந்தில் மூன்று என்றவுடன் மனம் அதை நடுத்தரம் என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. நடுத்தரம் என்றால் சமாளிக்கலாம் என்று அதற்கு ஒரு பதவுரையும் எழுதிக்கொள்கிறது. படிக்குப் படி அபாயம் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பதை அந்தப் பதவுரை மறந்துவிடுகிறது.

உரை கேட்டும் விலக முடியாதவர்களும் உண்டு. அவர்கள் நிலை வேறு. 2025 பிப்ரவரி 28ஆம் தேதி விடியற்காலையில் உத்தராகண்டத்தில், பத்ரிநாத்துக்கு அடுத்த மானா கிராமத்தருகே, எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாமின்மேல் பனி சரிந்து, கண்டெய்னர்களிலும் ஒரு கொட்டகையிலும் உறங்கிக்கொண்டிருந்த 54 பேரைப் புதைத்தது. 46 பேர் மீட்கப்பட்டனர், 8 பேர் இறந்தனர். பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் சண்டிகர் நிறுவனம் முந்தைய மாலையே அம்மாவட்டத்தின் உயர்ந்த பகுதிகளுக்கு எச்சரிக்கை விடுத்திருந்தது. கூலிக்கு வந்தவன் எச்சரிக்கையைப் படித்தாலும் எங்கே போவான்? உல்லாசத்துக்காகச் சரிவேறுபவனின் விவேகத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் ஏராளம். முகாமை எங்கே அடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பவரின் விவேகத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கருதல், அதாவது சென்றதைக் கொண்டு வருவதை ஊகித்தல், அதுவும் தன் பங்குக்கு ஏமாற்றியிருக்கிறது. ஆஸ்திரியாவின் கால்ட்யூர் கிராமத்தார் தங்கள் ஊருக்கு மேலுள்ள மலையைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள். எதுவரை பனிச்சரிவு வரும், எதற்கப்பால் வராது என்பதை ஊர்நினைவும் ஆவணமும் கொண்டு வரையறுத்து, வாராத இடத்தில் வீடுகள் கட்டியிருந்தார்கள். 1999 ஜனவரி இறுதியிலிருந்து வாரக்கணக்கில் புயல்மேல் புயலாக வந்து பனி குவிந்ததும், பிப்ரவரி 23ஆம் தேதி மாலை இறங்கிய சரிவு அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிச் சென்று 31 பேரைக் கொன்றது. மறுநாள் அருகிலுள்ள வால்ட்ஸூரில் மேலும் எழுவர். அவர்கள் அறிவில் குறையில்லை. அவர்கள் நினைவின் நீளம் மலையின் நினைவின் நீளத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் அனுபவம் என்பதைப் பற்றிய என் ஐயம் தொடங்குகிறது. அனுபவமே ஆசான் என்று எல்லாத் தொழிலிலும் சொல்கிறோம். தச்சனுக்கும் சமையற்காரனுக்கும் அது முழு உண்மை, ஏனெனில் அங்கே பிழை உடனே தெரிந்துவிடுகிறது. பனிச்சரிவில் நிலைமை அப்படியில்லை. மோசமான சரிவொன்றைத் தவறான கணிப்போடு கடப்பவன், பெரும்பாலான நாட்களில் அந்தப் பலவீனப் புள்ளியை மிதிக்காமலே அப்பால் போய்விடுகிறான். போனவுடன் தன் கணிப்பு சரியென்று நம்புகிறான். அடுத்த முறை அதே தவற்றை அதிக நிச்சயத்தோடு செய்கிறான். இருபது ஆண்டு இப்படிக் கழித்தவனை நாம் அனுபவசாலி என்கிறோம். சரியாகக் கணித்துத் திரும்பி வந்தவனுக்கோ எந்தச் சான்றும் கிடைப்பதில்லை. அவன் போகாத சரிவு மாலைவரை அசையாமல் கிடக்க, அவனை விட்டுப் போனவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறார்கள். தவறியவனுக்குப் பரிசும், தவறாதவனுக்கு நகைப்பும் கொடுக்கும் ஆசானை வைத்துக்கொண்டு எந்த மாணவன் உருப்படுவான்?

அமெரிக்காவில் இயன் மெக்கம்மன் என்பவர், உல்லாசப் பயணிகள் சிக்கிய 715 பனிச்சரிவு விபத்துகளை ஒன்றொன்றாக ஆராய்ந்து, இந்த ஐயத்துக்கு ஆதாரம் தேடித் தந்திருக்கிறார். அபாயத்தின் அறிகுறிகள் கண்முன் இருந்தும் மக்கள் போயிருக்கிறார்கள். இடம் பழகியது என்பதும், முன்னே யாரோ போன தடம் இருக்கிறது என்பதும், எடுத்த காரியத்தை விடக்கூடாது என்பதும், குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் அவர்களை அழைத்துச் சென்றிருக்கின்றன. பயிற்சி மிகுந்தவர்கள்கூடப் பழகிய சரிவில் அப்பயிற்சியின் பயனை இழந்துவிட்டார்கள் என்பது அவருடைய முடிவுகளுள் என்னை மிகவும் பாதித்தது. 2012 பிப்ரவரி 19ஆம் தேதி, வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் கணவாயில், புதுப்பனி கனமாக விழுந்த மறுநாள், பதினாறு பேர் ஒன்றாகப் பின்சரிவுக்குப் புறப்பட்டார்கள். தொழிலாகவே பனியில் வாழ்பவர்கள் அவர்களுள் பலர். அன்றைய அறிக்கையின் எச்சரிக்கை அவர்கள் அறியாததன்று. சிலர் மனத்தில் சந்தேகம் எழுந்தது என்றும், அத்தனை தேர்ந்தவர்கள் நடுவே அதை வாய்விட்டுச் சொல்லக் கூசினார்கள் என்றும் பிறகு தெரிந்தது. மூவர் இறந்தனர். மூவராகச் சென்றிருந்தால் ஒருவராவது வாயைத் திறந்திருப்பார் என்று நினைக்கிறேன்; சபை பெரிதாகப் பெரிதாக மௌனம் மரியாதையாகிவிடுகிறது.

புதைந்த பின் செய்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஒலிக்கும் சிறு கருவியை நெஞ்சில் கட்டிக்கொண்டு, தேடுகோலும் மண்வெட்டியும் சுமந்து செல்கிறார்கள். முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர். கூட வந்தவர்களே தோண்ட வேண்டும். மீட்புக் குழு வருமளவும் காலம் காத்திருப்பதில்லை.

இவ்வளவையும் கண்ட பிறகு, சுவிஸ் மலைவழிகாட்டியான வெர்னர் முன்டர் 1990களின் தொடக்கத்தில் சொன்ன தீர்வு, அவர் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கே அவமானமாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. குழி தோண்டிப் படலத்தின் ஆன்மாவை ஆராய்வதை ஒதுக்கிவைத்துவிட்டு, அவர் ஒரு வகுத்தற் கணக்கு போடச் சொன்னார். அறிக்கை இரண்டாம் படி என்றால் அபாயம் 4, மூன்றாம் படி என்றால் 8. நீ எடுத்துக்கொள்ளும் முன்னெச்சரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: 35 டிகிரிக்குக் குறைந்த சாய்விலேயே நிற்பாயானால் 4, சிறு குழுவாகச் சென்றால் 2. அவற்றைத் தம்முள் பெருக்கி, அபாயத்தை அதனால் வகு. விடை ஒன்றுக்கு மேற்படாவிட்டால் போகலாம். மேற்பட்டால் வீட்டுக்குத் திரும்பு. மூன்றாம் படி நாளில் 40 டிகிரிச் சரிவை விரும்புபவனுக்கு இந்தக் கணக்கில் வழியே கிடையாது. மலையைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, பாதத்தால் உணர்ந்து முப்பது ஆண்டு வழிகாட்டியவனைப் பள்ளிக்கூடப் பையனாக்குகிறாரே என்று கண்டனம் எழுந்தது. கலை, உள்ளுணர்வு என்ற சொற்கள் அவ்விவாதத்தில் மிகுதியாகப் புழங்கின.

நான் கணக்கின் கட்சி. உள்ளுணர்வில் எனக்கு மரியாதையுண்டு. ஆயினும் அது எந்த ஆசானிடம் பயின்றது என்று கேட்காமல் அதை நம்புவதற்கில்லை. இன்று ஆஸ்திரிய, ஜெர்மானிய ஆல்பைன் சங்கங்கள் இரண்டும் முன்டரின் வழியிலிருந்து கிளைத்த தத்தம் முறைகளை உறுப்பினர்களுக்குக் கற்பிக்கின்றன. சட்டைப்பையில் அடங்கும் அட்டையாகவும் அவை கிடைக்கின்றன. அந்த அட்டை தடுக்கும் சரிவுகளுள் பெரும்பாலானவை அன்று அசையவே மாட்டா என்ற ஆட்சேபம் இன்னும் ஓயவில்லை. அது உண்மையுங்கூட, முன்டரும் அதை அறிந்தே அந்த எண்களை வகுத்தார்.